அப்பாவின் கம்பியும் என் பாடமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தந்திக்கு நம் நாடு முறையாக விடைகொடுத்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இரவோடு தந்திச் சேவை நின்றது. கடைசித் தந்தி ஒன்றை அனுப்பிவிட வேண்டுமென்று மக்கள் தந்தி அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். செய்தித்தாள்கள் பழங்கதைகளை எடுத்து அச்சிட்டன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒன்றுக்கு அந்த மரியாதை தகும்.

தொலைபேசிக்கென்று தனியாகவும் தொலைக்காட்சிக்கென்று தனியாகவும் நம் வீடுகளுக்கு வந்த கம்பிகள் இப்போது ஓய்ந்து வருகின்றன. அவற்றுக்கு யாரும் விடைகொடுக்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை, படமும் நிற்கவில்லை. வரும் வழி மட்டுமே மாறியிருக்கிறது. வழி எதுவாயிருந்தால் என்ன, வர வேண்டியது வந்தால் போதாதா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். அந்த வழியில் நின்று பிழைப்பவர் வீட்டுப் பிள்ளை நான். ஆகையால் எனக்கு அது போதவில்லை.

என் தந்தையார் துறையூரில் ஒரு கேபிள் ஆப்பரேட்டரிடம் லைன்மேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலைதான். தோளில் கறுப்பு ஒயர்ச் சுருள், இடுப்பில் கட்டிங் பிளேயர், வண்டியில் ஏணி. எந்த வீட்டு மாடியில் தென்னை மட்டை ஒயர்மேல் விழும், எந்தத் திருப்பத்தில் வைக்கோல் லாரி ஒயரை இழுத்துக்கொண்டு போகும், எந்தத் தெருவில் அணில் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதம் பிறந்தால் கேபிள் காசு வசூல். சிறுவனாயிருந்தபோது நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் உடன் போவேன். “அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்குங்கண்ணே” என்று சொல்லும் வீடுகளுக்கு நேராக அப்பா ஒரு புள்ளி வைப்பார். மூன்று புள்ளி சேர்ந்தாலும் இணைப்பைத் துண்டிக்க மாட்டார். அந்தப் புள்ளிகளுக்காக ஆப்பரேட்டரிடம் அவர் வாங்கிய பேச்சுக்கு அளவில்லை.

இந்தத் தொழிலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் தூர்தர்ஷன் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்த பிறகுதான் கேபிள் என்ற சொல் ஊர்ச் சொல்லாயிற்று. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியபோது ஓட்டு வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் ஒயர் போயிற்று. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017இல் டிஜிட்டல் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்து, வலையமைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொன்றிலும் பெட்டியும் விலையும் மாறின. அவர் ஏறும் கம்பம் மாறவில்லை.

எங்கள் ஆப்பரேட்டரிடம் ஒரு காலத்தில் 640 இணைப்புகள் இருந்தன. இந்த ஆண்டு 210. என் கல்லூரிப் படிப்பு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

இனி விஞ்ஞானத்துக்கு வருகிறேன். நம் இயற்பியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், அந்தப் பேச்சு முடியும்வரை இடையிலுள்ள பாதை முழுவதும் அவர்களுக்கே உரியது. பேசினாலும் சரி, மௌனமாயிருந்தாலும் சரி, வேறெவரும் அதில் நுழைய முடியாது. துறையூரிலிருந்து திருச்சி வரை சாலையை அடைத்து, ஒரே ஒரு கல்யாணக் காரை விடுவதுபோல! அதனால்தான் வெளியூர்ப் பேச்சுக்கு அவ்வளவு காசு. 1990களில் இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதற்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் தூக்கக் கலக்கத்தோடு காத்து நின்ற கதையை என் தாயார் இன்றும் சொல்வார்.

இணைய வழிப் பேச்சில் சாலையை அடைப்பதில்லை. குரல் முதலில் எண்களாகிறது. நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட்டுகள். இந்த எண்களைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி அனுப்புகிறார்கள். ஒரு நொடிப் பேச்சுக்கு ஏறத்தாழ ஐம்பது பொட்டலம். ஒன்று புலிவலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறலாம். இன்னொன்று முசிறி வழியாகச் சுற்றலாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் பேச்சு. பிந்தி வந்த பொட்டலத்தை எடுத்து வைக்க முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான். செல்பேசியில் குரல் விட்டு விட்டுக் கேட்பதன் காரணங்களுள் இது ஒன்று. சாலை எல்லாருக்கும் பொது என்பதால் செலவும் பங்காகிறது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தபோது பேச்சுக்குத் தனிக் கட்டணமே கிடையாது என்று அறிவிக்க முடிந்ததற்கு இதுவே பின்னணி. அவர்களுடைய வலையில் பேச்சும் இணையத் தகவல்தான். பேச்சுக்கென்று பழைய பாணிப் பாதை கட்டப்படவே இல்லை.

அரசாங்கச் சட்டம் இந்த மாற்றத்தை மெல்லத்தான் ஏற்றது. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் கணினியிலிருந்து நம் நாட்டுத் தொலைபேசி எண்ணை அழைக்க முடியாது. அந்தத் தடை நீங்க 2018 ஆயிற்று. வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சட்டங்களின் கனம் நன்றாகத் தெரியும். என் மாமா துபாயில் வேலை செய்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். பேசுவதற்குப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு உண்டு. அங்கே உரிமம் பெற்ற செயலிகள் வழியாகத்தான் இணையத்தில் பேச வேண்டும். ஆகவே எங்கள் பாட்டியின் கைப்பேசியில் மாமாவுக்கென்று தனியாக ஒரு செயலி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதை நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறார். ஒரே கம்பியில் எல்லாம் ஓடலாம் என்று விஞ்ஞானம் சொன்னாலும், எது ஓடலாம் என்று சொல்பவர் வேறொருவர் என்பதை எங்கள் பாட்டி கைப்பேசியில் கற்றேன்.

தொலைக்காட்சியின் கதை இன்னும் சுவையானது. அப்பா இழுத்த ஒயரில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. திருவிழாவில் சப்பரங்கள் எல்லாம் தெரு வழியாகப் போகும்; நாம் திண்ணையில் உட்கார்ந்து வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறோம். யார் எந்தச் சப்பரத்தைக் கும்பிட்டார் என்பது சப்பரம் தூக்குபவருக்குத் தெரியாது. இணையத் தொலைக்காட்சியில் நாம் கேட்கும் அலைவரிசை மட்டுமே நம் வீட்டுக்குப் புறப்பட்டு வருகிறது. உயர்தரப் படத்துக்கு நொடிக்கு 80 லட்சம் பிட்டு வேண்டுமென்று கொண்டால், அது 125 பழைய தொலைபேசிப் பேச்சுகளுக்குச் சமம். செம்புக் கம்பி இதைத் தாங்கித் தெருத் தெருவாகக் கொண்டுபோவது கடினம். கண்ணாடி இழைக்கு இது சிறு சுமை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2024 நவம்பரில் ஒளியிழை வழித் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது, மத்தியப் பிரதேசத்தோடு தமிழ்நாட்டைத்தான் முதலில் தேர்ந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட அலைவரிசைகள். வசதிதான், மறுப்பார் இல்லை. ஆனால் நாம் எதைக் கேட்டோம், எத்தனை மணிக்குக் கேட்டோம், எப்போது அணைத்தோம் என்பதெல்லாம் இப்போது அனுப்புகிற இடத்தில் பதிவாக முடியும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் சீட்டு எழுதிக் கொடுத்துச் சாமி வரவழைப்பதுபோல் ஆயிற்று.

எல்லாருக்கும் ஒன்றாக வீசி எறியும் அந்தப் பழைய முறைக்கு நான் கடன்பட்டவன். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அப்போது பொத்தான் வைத்த கைப்பேசிதான். கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்தது. அரசு கேபிளில் 200ஆம் எண். அதில்தான் நானும் எங்கள் தெருப் பிள்ளைகளும் பாடம் கேட்டோம். பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் அந்த ஒயருக்குப் பாரம் ஒன்றே. ரீசார்ஜ் கிடையாது. ஊரடங்கு ஆணையில் தொலைத்தொடர்புக்கும் கேபிளுக்கும் விலக்கு இருந்தது. அப்பா முகக்கவசத்தோடு காலையில் புறப்பட்டால் இருட்டித்தான் வருவார். ஒரு தெருவில் ஒயர் அறுந்தால் அந்தத் தெருவின் பள்ளிக்கூடமே நின்றுபோகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். “புள்ளைங்க கணக்குப் பாடம் ஒம்பதரைக்குங்க, அதுக்குள்ள போட்டுடணும்” என்று ஆப்பரேட்டரிடம் அவர் கைப்பேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. அவரை நான் முதன்முதலாகப் பெருமையோடு பார்த்த நாள் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் நம் வீட்டிலிருந்து போவதில்லை. இணைப்பகத்திலிருந்து 48 வோல்ட் அதே கம்பியில் வரும். அங்கே மின்கல அடுக்குகளும் டீசல் இயந்திரமும் இருக்கும். ஊரே இருண்டு கிடந்தாலும் தொலைபேசி எடுத்தால் ஒலிக்கும். கண்ணாடி இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. வீட்டு மோடம் அணைந்தால் பேச்சும் படமும் சேர்ந்தே அணையும்.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரவு முழுவதும் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மூச்சுத் திணறல். அவர்கள் வீட்டில் ஃபைபர் தொலைபேசி உண்டு, அது பேசவில்லை. கைப்பேசிக் கோபுரமும் நள்ளிரவுக்கு மேல் ஓய்ந்தது. அப்பா வண்டியில் ஆயாவை நடுவில் உட்கார வைத்து, பின்னால் அவர் மகன் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆயா பிழைத்துக்கொண்டார். அது எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பது இங்கே வேண்டாம். மோடத்துக்கு மின்கலம் இல்லாத எந்த வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது டெல்டா மாவட்டங்கள் இதையே பல நாட்களுக்குப் பெருமளவில் பட்டன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடம் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையை 2025 இறுதியோடு மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்கள். முதியவர்கள் ஆபத்தில் அழுத்தும் உதவிப் பொத்தான்கள் அந்தக் கம்பியை நம்பியிருந்ததால், நாளை 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்சாரம் நின்றால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புச் செய்ய நிறுவனமே வழி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் விதி. நம் ஊரில் மோடத்துக்கென்று சிறிய பாட்டரிப் பெட்டி கடையில் கிடைக்கிறது. வாங்க வேண்டியவர் நாம்! இணைப்பகத்தின் கடமையாயிருந்த ஒன்று சந்தடியில்லாமல் நம் தலைக்கு வந்துவிட்டது. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்படியெல்லாம் நான் விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது, பச்சைமலையிலிருந்து வந்து படிக்கும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். “உங்கப்பா ஒயரு எங்க மலைக்கு எப்பய்யா ஏறிச்சு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஊருக்குத் தொலைபேசிக் கம்பியும் போகவில்லை, கேபிளும் போகவில்லை. கொரோனா நாட்களில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் கைப்பேசிக்கு இரண்டு கோடு கிடைக்குமாம். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய்ச் செலவில் அதைக் கொண்டுசெல்ல மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணியும் மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்டது. அவர் கண்ணோட்டத்தில் பழைய கம்பிக்காக வருந்துவது, அது கிடைத்தவர்களின் வருத்தம். ஒரு கோபுரம் எழுந்தால் அவர் ஊருக்குப் பேச்சு, படம், பாடம் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் தந்தையின் வேலையும் நியாயந்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கம்பி ஒழிந்தது என்று நாம் நினைத்திருக்க, அது வேறு உருவில் திரும்பி வருகிறது. 2020 அளவில் நாடு முழுவதும் இரண்டு கோடியாகச் சுருங்கிப்போன கம்பி இணைப்புகள், ஃபைபர் வந்த பிறகு மறுபடி பெருகின. அந்த இழையையும் யாரோ ஒருவர் கம்பத்தில் ஏறித்தான் கட்ட வேண்டும். எங்கள் ஆப்பரேட்டர் இப்போது ஓர் இணைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார். இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. வசூல் கிடையாது, நோட்டு கிடையாது. காசு கட்டாவிட்டால் இரவு 12 மணிக்கு இணைப்பு தானாக நின்றுவிடும். அப்பாவின் புள்ளிகளுக்கு அதில் இடமில்லை.

ஆகவே நாற்பத்தேழாவது வயதில் அப்பா கண்ணாடி ஒட்டக் கற்றுக்கொள்கிறார். இழையின் தடிமன் 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். இரண்டு முனைகளையும் துடைத்து, நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் மின்பொறி அவற்றை உருக்கி ஒட்டுகிறது. 1966இல் சார்லஸ் காவ் என்பவர் கண்ணாடியைத் தூய்மையாக்கினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 2009இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கணக்கின் மறுமுனை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வரும், மெய்யும் சிலிர்க்கும். அப்பாவின் குறை ஒன்றே ஒன்று: “ஒயரு அறுந்தா கண்ணுக்குத் தெரியும் தம்பி. இது உள்ளுக்குள்ள ஒடஞ்சு கெடக்குது, வெளிய சிரிச்சிக்கிட்டு இருக்குது.” அதற்கும் ஒரு கருவி உண்டு. பேனா போன்ற சிவப்பு விளக்கை ஒரு முனையில் பொருத்தினால், உடைந்த இடத்தில் ஒளி கசியும். இரவில் ஜாயிண்ட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பைத் தேடுகிறார் அவர்.

மெஷினின் திரையிலும் பவர் மீட்டரிலும் வருபவை எல்லாம் ஆங்கிலம். டெசிபல் என்றால் என்ன, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி ஏன், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஒளி குறையும், ஓர் ஒட்டுக்கு எவ்வளவு குறையலாம், வீட்டு மோடத்தில் எந்த எண் வந்தால் நம்பி இறங்கிவரலாம் என்று என்னைக் கேட்கிறார். பழைய வசூல் நோட்டில் எழுதாத தாள்கள் நிறைய மீந்திருந்தன. அவற்றில் தமிழில் எழுதிக் கொடுத்துவருகிறேன். இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. பத்தாவது பக்கத்துக்கு அவர் கேட்டிருப்பது, ஒரே இழையில் போகும் ஒளியும் வரும் ஒளியும் ஏன் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை என்று. அலைநீளம் வேறு வேறு என்று வாயால் சொன்னேன். படம் போட்டுக் காட்டு என்கிறார்.